தேய்த்தால் யானை பன்றியாகும்

தமிழர் வீட்டில் ஒரு பொருள் கறுத்திருந்தால் அதற்கு இரண்டே கதிதான். ஒன்று, தேய்க்கப்படும், இல்லையேல், தீபாவளிக்குத் தேய்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படும். சும்மா விட்டுவைப்பது என்ற மூன்றாவது வழி நம் சட்டத்திலேயே கிடையாது. சுருக்குப்பையிலிருந்தோ மரப்பெட்டியின் அடியிலிருந்தோ பழைய வெள்ளி ரூபாய் ஒன்று அகப்பட்டால் போதும், அது எந்த வருஷத்தது என்று பார்ப்பதற்கு முன்பே ஒருவர் புளிக்கும், ஒருவர் விபூதிக்கும், நாகரிகம் தெரிந்த மூன்றாமவர் பற்பசைக்கும் ஓடுவார்கள். வாயில்லாத அந்த ரூபாயின் சார்பில் நான் வாதாட வந்திருக்கிறேன். என் கட்சி சுருக்கமானது: அழுக்கைக் கழுவுங்கள், கறுப்பைத் தொடாதீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய், வியர்வை, குங்குமம் எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. கறுப்பு அப்படியல்ல, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு கூடி வெள்ளியே உருமாறி நிற்கும் வெள்ளி சல்பைடு அது. ஆகவே கறுப்பைச் சுரண்டுகிறவர் வெள்ளியையும் சேர்த்தே சுரண்டுகிறார். 1835 முதல் 1939 வரை அச்சான ரூபாய் 11.66 கிராம், அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. வெள்ளியோ மெத்தென்ற உலோகம். பல்லின் எனாமலுக்கு ஈடுகொடுக்கச் செய்த பற்பசைத் துகள் அதன்மேல் உழவே நடத்திவிடும். அச்சடிக்கும்போது உலோகம் பரவி ஓடியதால் உண்டான நுண்ணிய கோடுகளில்தான் புது நாணயத்தின் மினுமினுப்பு இருக்கிறது. தேய்த்தால் அந்தக் கோடுகள் போய், ஓட்டல் டம்ளரின் பளபளப்பு வந்து உட்காரும். முதலில் தேய்வது மேடான இடங்கள். நாணயத்திலுள்ள ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு நாம் இலவசமாகச் சவரம் செய்துவிடுகிறோம்.

தாடி போனால் மீசை இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். யானை போனால்? 1911-இல் வந்த ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. அதன் தும்பிக்கை குட்டையாக விழுந்ததில் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, அரசு அந்த நாணயங்களைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டது. 1912-இல் அச்சைத் திருத்தி யானையை யானையாக்கினார்கள். ஒரு சாம்ராஜ்யமே கூடி நீட்டிய தும்பிக்கை அது. நீளம் கடுகளவுகூடத் தேறாது. தேங்காய் நாரும் புளியும் கொஞ்சம் அழுத்திப் பழகினால் மறுபடி பன்றிதான். பின்பக்கம் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய் அச்சு, இல்லையேல் கல்கத்தா. அந்தப் புள்ளியையும் தேய்த்தெடுத்தால் நாணயத்துக்குப் பிறந்த ஊரே மாறிப்போகும்.

“அப்படியே விட்டால் கறுப்பு அரித்துவிடாதா?” என்பார்கள். சீராகப் படிந்த கறுப்பு மிக மெல்லிய படலம். அதனால் நாணயம் கரைந்துவிடாது. பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது செம்பின் துருவாகவோ, பிவிசி உறையிலிருந்து கசிந்ததாகவோ இருக்கும். “அலுமினியத் தாள் விரித்து, சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் போட்டால் தேய்க்காமலே வெளுக்குமே?” என்பது கெட்டிக்காரக் கேள்வி. வேதியியல் உண்மைதான்: கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்கிறது. கொலுசுக்கு அது போதும். நாணயத்திலோ மீண்டு வரும் வெள்ளி பழைய மினுப்போடு வருவதில்லை. வெளிறிப்போன அந்த முகத்தைச் சேகரிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார். “விற்கத்தானே போகிறேன்” என்பவருக்கு என் பதில்: எடைக்குப் போட்டால் கறுத்த ரூபாயிலும் சுமார் 10.69 கிராம் வெள்ளிதான். மெருகுக்குக் காசு கிடையாது. சேகரிப்பாளரிடம் போனால் மெருகுக்காகவே விலையைக் குறைப்பார். இரண்டு கடையிலும் மிச்சம் கைவலிதான். தேய்ந்துபோன சாதாரண ரூபாயைப் பூஜைக்கு வைப்பவர் தாராளமாகத் துலக்கட்டும். அங்கே சாமி சொல்வதே விலை.

கழுவுவதற்கும் முறை உண்டு. காய்ச்சி வடித்த நீரில் மிதமான சோப்பு இரண்டு துளி விட்டு ஊறவையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, நல்ல நீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றுங்கள், துடைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குப் போகாவிட்டால் தூய அசிட்டோனில் நனையுங்கள். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அடுப்புப் பக்கமும் வேண்டாம். காய்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் கை நமநமவென்று அரித்தால், வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. புளியை அங்கே கொண்டுபோங்கள்.