5 மணி முதல் 11 மணி வரை

கேள்வி: ஊரே விழாக் கொண்டாடும் வேளையில் ஒருவனுடைய வீழ்ச்சிக்கு ரகசியமாக அஸ்திவாரம் போடப்படுவதை ஷேக்ஸ்பியர் எந்த நாடகத்தில் சிறப்பாகக் காட்டுகிறார்?

பதில்: 'மாக்பெத்' விருந்தைத்தான் பலரும் சொல்வார்கள், அங்கே ஆவியே வந்து ஆசனத்தில் அமர்ந்துவிடுவதால் ரகசியம் அதிகம் மிஞ்சவில்லை. 1604-ல் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடிக்கப்பட்ட 'ஒதெல்லோ'வுக்கே என் வோட்டு. துருக்கியரின் கப்பற்படையைப் புயலே சிதறடித்துவிட, வாளை உருவாமலே ஜயம் பெற்ற தளபதி ஒதெல்லோ, அந்த ஜயத்தையும் தன் விவாகத்தையும் ஒருசேரக் கொண்டாடும்பொருட்டு, மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஸைப்ரஸ் தீவில் யாவரும் உண்டு களிக்கலாமென்று பறைசாற்றச் செய்கிறான். ஆனந்தத்துக்குக்கூட நேரம் குறித்த அந்த ஜாக்கிரதைக்காரன், பக்கத்தில் நின்ற கீழதிகாரி இயாகோவைப் பரம யோக்கியன் என்று நம்பியதுதான் விசேஷம்! ஒரு கிண்ணத்துக்கு மேல் தன் தலை தாங்காதென்று, அந்த ஒன்றிலும் தண்ணீர் கலந்து குடித்துவிட்டு வந்த துணைத் தளபதி காஸியோவை, இயாகோ பாட்டுப் பாடி உபசரித்து மேலும் குடிக்க வைக்கிறான். அவனோ, இது வலக்கை, இது இடக்கை என்று காட்டித் தன் நிதானத்தை நிரூபிக்கிறான். கைகளை அவ்வளவு பிழையின்றி அடையாளம் கண்டவனுக்கு, குடிவெறியில் போட்ட சண்டையால் விடிவதற்குள் உத்தியோகம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி சிபாரிசு செய்யப் போய்த்தான் தளபதியின் மனைவி சந்தேகத்துக்கு ஆளாகிறாள். அந்தக் குடிகாரக் கோஷ்டியில் கடைசி வரை தள்ளாடாமல் நின்றவன், வருத்தத்தோடு சொல்கிறேன், இயாகோ ஒருவன்தான்.