க் போட இடமில்லை

நேற்று மாலை மந்தைவெளியிலிருந்து என் நாவல் மறுபடியும் திரும்பி வந்தது. போகும்போது கறுப்பு, வரும்போது சிவப்பு. மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து சிவப்பு மையைச் சேமித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ஒற்று வேண்டிய இடத்துல இல்ல, வேண்டாத இடத்துல எல்லாம் இருக்கு” என்றார்.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவதென்றால் பணம்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பைசா செலவில்லை. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் தேசிய முகமை இலவசமாகவே கொடுக்கிறது. டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் தாள், 300 பிரதி. இதெல்லாம் ஒரு காபி நேரத்தில் முடிந்தது. ஒற்றுக்கு நாலு மாதம்.

என் கதாநாயகன் பி.காம். முடித்துவிட்டு தி.நகரில் ‘வேலைத் தேடி’ அலைகிறான். பதினாலு இடங்களில் அலைகிறான். ஐயா பதினாலு த்-களையும் அடித்து, ஓரத்தில் ‘வேல் + ஐ’ என்று குறித்திருந்தார். த் இல்லாவிட்டால் உத்தியோகம் தேடுகிறானாம். இருந்தால் முருகனின் ஆயுதத்தைத் தேடுகிறானாம். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு பட்டதாரி வேலாயுதத்தைத் தேடிக்கொண்டிருந்தது எழுதிய எனக்கே தெரியாது. வடபழனிக்கு அனுப்பியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும்.

சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த அத்தியாயத்தில் ஒற்றுகளைக் கைவிட்டேன். அங்கே கதாநாயகி ‘கீரை கடை’க்குப் போகிறாள். க் இல்லையென்றால் அது கடை அல்ல, கட்டளை; மத்தை எடுத்துக் கடைய வேண்டுமாம். அப்புறம் ‘வந்து போனான்’ சரி, ‘எடுத்து போனான்’ தப்பு. “இரண்டு பேரும் போகத்தானே ஐயா போனாங்க?” என்றேன். “அது மென்தொடர், இது வன்தொடர்” என்றார், ஜாதகம் பார்ப்பவர் குரலில்.

பாண்டி பஜாரில் ‘பட்டு புடவை’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது. ப் இல்லையே என்று எந்தக் கல்யாணக் கோஷ்டியாவது வெறுங்கையோடு திரும்பியிருக்கிறதா? என் 300 பிரதிக்குத்தான் இத்தனை கெடுபிடி.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாவல் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆறு பேருக்கும் ஒற்றைப் பற்றி அபிப்பிராயம் இருக்கிறது. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் கள் வாடை வருகிறது என்றார் ஒருவர். வரவில்லை என்றார் இன்னொருவர். இரண்டு சுற்று நடப்பதற்குள் பேச்சுவார்த்தை முறிந்தது. கலையும்போது மட்டும் ஒரே குரல்: “நமக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க சார்.” அந்த வாக்கியத்தில் ‘விலை’ எந்த இடத்திலும் மிகவில்லை.

இதற்கிடையில், 17 ஃபாரத்தில் கச்சிதமாக 272 பக்கம் இருந்தது, ஒற்றெல்லாம் ஏறி வரி தள்ளி 273 ஆகிவிட்டது. அச்சகத்துக்காரர் இன்னொரு ஃபாரம் போட வேண்டும் என்கிறார். ஒரு பக்கத்துக்காகப் பதினாறு பக்கக் காசு. மீதிப் பதினைந்து? “வெறுமனே விடுங்க, மளிகைக் கணக்காவது எழுதலாம்” என்றாள் மனைவி. நாவலைப் படித்து முடித்தவள் அவள் ஒருத்திதான்.

இவ்வளவுக்கும் மேல் தலைப்பு. ‘மாடவீதி கதவு’ என்று அட்டையே தயாராகிவிட்டது. ஐயா க் வேண்டும் என்கிறார். நான் விடவில்லை. திருவல்லிக்கேணியில் இருந்த சி.சு. செல்லப்பா எண்பதைத் தாண்டிய வயதில் மூன்று பாகமாகத் தானே அச்சிட்ட நாவல் ‘சுதந்திர தாகம்’. அவர் காலமான பிறகு 2001இல் சாகித்ய அகாதெமி விருதே வந்தது. “அதுல த் எங்கே ஐயா?” என்று கேட்டேன்.

“அது வடசொல். மிகாது.”

“வீதியும் வடசொல்தானே?”

“கதவு தமிழ்.”

அட்டை போட்ட பையனுக்கு போன் செய்தேன். “க் போட்டா கோபுரத்துல இடிக்குது அங்கிள். கோபுரத்தை எடுத்துடவா?” என்கிறான். கபாலீசுவரர் கோபுரத்தை!

புத்தகத்துக்கு என்ன விலை வைப்பது என்று சொல்லத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். போன் அடிக்கிறது. ஐயாதான்.

“தலைப்புல மாடவீதியைச் சேர்த்துப் போட்டிருக்கீங்களா, பிரிச்சா?”