காசு கொடுத்து வாங்கும் அடி

இருபது வருடத்துக்கு முன்னால் மதுரையில் கேம் சிடி வாங்கப் போனால் கடைக்கார அண்ணன் கேட்பது ஒரே கேள்விதான்: "சண்டையா தம்பி, ரேஸா?" கதை என்று மூன்றாவதாக ஒரு வகை இருப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் எடுத்த சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் 'மோரோவிண்ட்' என்று எழுதியிருந்தது. "அது வேணாம்டா, ஒரே இங்கிலீசு" என்றார். தமிழ்வழியில் படிக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் வாங்காமல் வர முடியுமா?

பெதஸ்டா நிறுவனம் 2002-ல் வெளியிட்ட விளையாட்டு அது. அசல் பெட்டியில் வார்டன்ஃபெல் தீவின் வரைபடம் ஒன்றை அச்சிட்டு மடித்து வைத்திருப்பார்களாம். நம் சிடி உறையில் அதற்கெல்லாம் இடமில்லை. நாயகன் கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்ற சதுப்புநிலக் கிராமத்தில் இறங்குவான். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பல்மோரா போய் கையஸ் கொசாடெஸைப் பார் என்பார்கள். அவ்வளவுதான். அம்புக்குறி கிடையாது, மினுமினுக்கும் புள்ளி கிடையாது. பாலத்தைத் தாண்டு, வடக்கே திரும்பு, பாறையைக் கண்டதும் மேலேறு என்று கிராமத்து ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள். சில சமயம் தப்பாகவும் சொல்வார்கள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானும் நண்பனும் வரைந்த வரைபடத்தில் ஆறு மேட்டில் ஏறி ஓடியது.

பாக்கெட் அகராதியை வைத்துக்கொண்டு பாதி புரிந்துகொண்டோம். மீதியை நாங்களே கட்டினோம். அந்தக் கையஸ் சட்டை போடாமல் ஒரு சின்ன அறையில் இருப்பார். பேரரசின் ஒற்றர் தலைவர் அவர் என்பது புரிய வெகுநாள் ஆனது. அதுவரை அவரை ஒரு சாமியாராகவே வைத்திருந்தோம். ஒற்றர் கதையைவிட எங்கள் சாமியார் கதை நன்றாகவே இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த விளையாட்டில் ஓர் இடம் உண்டு. செய்டா நீனை விட்டுச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் மேலே அலறல் கேட்கும். அண்ணாந்து பார்ப்பதற்குள் ஒரு மந்திரவாதி வானத்திலிருந்து விழுந்து செத்துப்போவான். அவன் பையில் ஒரு நாட்குறிப்பும் மூன்று மந்திரச் சுருள்களும் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டுக் குதித்தால் தீவின் பாதியைத் தாண்டிப் பறப்போம். கடல், எரிமலை, பெயர் தெரியாத ஊர்கள் எல்லாம் காலடியில் ஓடும். பிறகு தரை வரும். மந்திரவாதி எப்படிச் செத்தான் என்பது அந்த நொடியில் விளங்கும். இறங்கும்போது இன்னொரு சுருளைப் படித்தால் பிழைக்கலாம் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வசனமே இல்லாமல் ஒரு மனிதனின் பேராசையை, கண்டுபிடிப்பை, சாவை எனக்குச் சொன்ன கதை அது. நானும் செத்துத்தான் அதைப் படித்து முடித்தேன்.

2006-ல் அதே நிறுவனத்தின் 'ஆப்ளிவியன்' வந்தது. திரையின் அடியில் திசைகாட்டி, அதில் போகவேண்டிய இடத்துக்கு ஒரு குறி. பெரிய நிம்மதி என்று எல்லோரும் கொண்டாடினோம். மறுவருடம் வந்த 'அசாசின்ஸ் க்ரீட்' கோபுரத்தின் மேல் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்க வரைபடத்தில் திறந்துகொள்ளும் வசதியைத் தந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் திறந்த உலக விளையாட்டுகளின் வரைபடங்களுக்கு அம்மை போட்டுவிட்டது. எங்கு பார்த்தாலும் குறிகள். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' ஒருபடி மேலே போய், தீரவே தீராத சில்லறை வேலைகளைக் கணினியே உண்டாக்கித் தரும்படி செய்தது. கிராமத்தான் பேசப் பேசப் பொத்தானைத் தட்டி அவன் வாயை மூடிவிட்டு அம்புக்குறியின் பின்னால் ஓடினோம். எதற்கு ஓடுகிறோம் என்று கேட்டால் தெரியாது. குறி இருக்கிறது, ஓடுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், ஆப்ளிவியன் வந்த அதே 2006-ல்தான் ரயன், ரிக்பி, ப்ஷிபில்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் மனிதர்களை விளையாட்டு எதனால் இழுக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். தானே முடிவெடுக்கும் சுதந்திரம், கைவரும் திறமை, பிறரோடு ஒட்டுறவு என்று மூன்றைச் சொன்னார்கள். முதலாவதைப் பிடுங்கிக்கொண்டு அம்புக்குறியைத் தந்ததற்குத்தான் நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஜப்பானில் ஹிடேடகா மியாசாகி என்று ஒருவர் போய்க்கொண்டிருந்தார். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2009-ல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-ல் 'டார்க் சோல்ஸ்' என்று அடிமேல் அடி கொடுக்கும் விளையாட்டுகளாகச் செய்துகொண்டிருந்தார். வசதியில்லாத வீட்டுப் பையன். சிறுவயதில் நூலகத்திலிருந்து தன் வயதுக்கு மீறிய ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவருவாராம். புரியாத பகுதிகளைப் படங்களைப் பார்த்துக் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் வறுமை என்று வெட்கப்பட்டு மறைத்ததை இந்த மனிதர் தொழில்நுட்பமாக்கி விற்றிருக்கிறார்!

2022 பிப்ரவரியில் வந்த 'எல்டன் ரிங்' அந்த விற்பனையின் உச்சம். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த உலகத்தின் பழைய வரலாற்றை எழுதிக் கொடுத்தார். மியாசாகி அதைச் சுக்குநூறாக உடைத்து வாள்களின் குறிப்பிலும் தாயத்துகளின் குறிப்பிலும் ஒளித்து வைத்தார். லிம்கிரேவ் சமவெளியில் கால்வைத்ததும் தங்கக் கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் உலாத்திக்கொண்டிருப்பான். வழக்கமான விளையாட்டுப் பழக்கத்தில் முதல் எதிரி எளியவன் என்று நினைத்து அவனிடம் போனால் இரண்டே வெட்டு. அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம், பிறகு பலமாகித் திரும்பலாம் என்பதுதான் பாடம். அடி மட்டுமே ஆளை இழுக்காது. வேறு பக்கம் போக இடம் இருப்பதால்தான் அடிபட்டவன் திரும்பி வருகிறான். இதைப் புரிந்துகொள்ளாமல் கடினத்தை மட்டும் நகல் எடுத்தவர்கள் பலர்.

இப்போது என் அக்கா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை விளையாடுகிறேன். விளையாட்டில் அம்புக்குறி இல்லை, அவன் இருக்கிறான். கையில் போன், போனில் யூடியூப்.

"மாமா, அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க. ட்ராப்."

ஏரிக்கரை இடிபாட்டுக்குள் இருந்த பெட்டி அது. திறந்தேன். புகை சூழ்ந்தது. கண்விழித்த இடம் ஒரு சுரங்கம். அங்கிருந்து மாயவழியில் தப்பிக்கவும் விடமாட்டார்கள். ஓடி, ஒளிந்து, செத்து, மறுபடி ஓடி வெளியே வந்தால் வானம் ரத்தச் சிவப்பு. நாயெல்லாம் யானை அளவில் நிற்கிறது. என் தகுதிக்கு வெகுதூரம் அப்பாற்பட்ட கேலிட் என்ற நாடு.

"சொன்னேன்ல?" என்றான்.

சொன்னான்தான். மிஸ்ட்வுட் காட்டுக் கிணற்றுக்குள் இறங்கும் லிஃப்டைப் பற்றியும் சொல்லியிருந்தான். அது இறங்கிக்கொண்டே இருக்கும், பூமிக்கு அடியில் நட்சத்திர வானம் விரியும் என்று படத்தோடு காட்டிவிட்டான். அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வந்தேன்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்டன் ரிங்கின் பாத்திரங்கள் சொல்லாமல்கொள்ளாமல் ஊர் மாறிப் போகிறார்கள். வெளியானபோது, யாரைத் தேடுகிறோம், எங்கே தேடுவது என்று விளையாட்டு தானாகக் குறித்துக் காட்டவும் இல்லை. வெளியான அடுத்த மாதமே, சந்தித்தவர்களின் இடத்தையும் பெயரையும் வரைபடத்தில் காட்டும்படி திருத்தம் போட்டார்கள். மௌனத்துக்கும் ஓர் அளவு உண்டு. தப்பாகவாவது வழி சொன்ன மோரோவிண்ட் கிராமத்தான் இந்த விஷயத்தில் மியாசாகியைவிடப் பெரிய கதைசொல்லி என்பது என் தீர்ப்பு. குறியைப் பின்தொடர்கிறவன் எதையும் கேட்பதில்லை. ஒன்றுமே சொல்லப்படாதவன் யூடியூப்புக்குப் போகிறான். வாயால் கேட்ட வழியை மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறவனுக்குத்தான் அந்த நாடு சொந்தமாகிறது.

புதிதாக எல்டன் ரிங் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரம் போனை அடுத்த அறையில் வையுங்கள். தங்கக் குதிரைவீரனைச் சுற்றிப் போங்கள். பெட்டியைத் திறங்கள்.