செதிலுக்கு வந்த வாழ்வு

பாம்பன் கரையில் மீன் வெட்டுகிற அக்காக்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் சுரண்டித் தள்ளுகிற செதிலுக்கும் தோலுக்கும் வாழ்வு வந்துவிட்டது. அதிலிருந்து எடுக்கிற புரதத்துக்கு 'மரைன் கொலாஜன்' என்று பெயர் சூட்டி, தூளாக்கி, டப்பாவில் அடைத்து, குடித்தால் முகம் மினுங்கும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் வஞ்சிரமே வெட்கப்படும்.

கொலாஜன் நமக்குப் புதிதல்ல. மூன்று இழைகள் முறுக்கிப் பின்னிய அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தப் பின்னலை அப்படியே கொண்டுபோய்க் கன்னத்தில் ஒட்டலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

வயிற்றுக்கு லேபிள் வாசிக்கத் தெரியாது. எந்தப் புரதம் போனாலும் பெப்சின் வெட்டும், குடல் நறுக்கும். மிஞ்சுவது அமினோ அமிலங்களும் சில துண்டு துணுக்குகளும். செல்லுக்குள் இருக்கிற ரைபோசோம், ஆர்.என்.ஏ. சொல்கிற வரிசையில் அவற்றைக் கோத்து, உடம்புக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். முழங்காலுக்கா மூக்குக்கா என்பது காசு கொடுத்தவர் கையில் இல்லை. போதாக்குறைக்கு, கொலாஜனில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது. அதையும் வைத்துக்கொண்டு, எடையில் பாதிக்கு மேல் புரதமாக, காய்ந்த நெத்திலி மண்டபத்தில் சாக்கில் கிடக்கிறது. வெனிலா வாசனை இல்லை, அவ்வளவுதான் குறை.

ராமநாதபுரத்தில் ஜிம்முக்குப் போகிற தம்பி ஒருவர் கருவாட்டுக் குழம்பை 'ஸ்மெல்' என்று ஒதுக்கிவிட்டு இந்தத் தூளைக் கலக்கிக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று விசாரித்த அப்பத்தா கேட்டார்: "ஏன்டா, செதிலையா கரைச்சுக் குடிக்கிற?"