கண்ணு பாருங்க, கண்ணு!

வேனில் ஆறு பேர்தான். ஏழாவது சீட், எங்களோடு பறவை பார்க்க வரும் போட்டோக்காரருடைய லென்ஸுக்கு. அதற்குப் பெல்ட்டும் மாட்டிவிடுவார், தான் போடமாட்டார்.

பண்ருட்டியில் ஏறியதும் ஆரம்பிக்கும். "கோஸ்டா ரிக்காவுல ஹம்மிங்பேர்டு இருக்கு பாருங்க..." வடலூர் வரும், சேத்தியாத்தோப்பு வரும், புவனகிரியும் போய்விடும், ஹம்மிங்பேர்டு மட்டும் வேனை விட்டு இறங்காது. அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லாத பறவை அது. அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். நம்மூர்த் தேன்சிட்டு அதற்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. செய்கிற தொழில் ஒன்று, அவ்வளவுதான். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து, சாவகாசமாகக் குடிக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இருந்தாலும் விடமாட்டார். ஏறத்தாழ 10 கிராம் குருவிக்கு மூன்று கிலோ லென்ஸைத் தூக்குவார். வாழைப்பூவில் ஒரு சிட்டு வந்து உட்கார்ந்தால் டர்ர்ர்ர் என்று நொடிக்கு 20 படம். அதே சிட்டு, அதே பூ, 400 படம். பிறகுதான் நமக்கு வேலை. கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்குவார். பூ போகும், அலகு போகும், கடைசியில் கண் மட்டும் மிஞ்சும்.

"கண்ணு பாருங்க, கண்ணு. ஷார்ப்பா இருக்கா?"

இருக்கிறது என்றால் அடுத்த படம். இல்லை என்றாலும் அடுத்த படம். வேன் டிரைவர் பார்த்தாக வேண்டும். பிச்சாவரத்தில் சுரபுன்னைக்கு நடுவே இரண்டு கையிலும் துடுப்பு வைத்திருக்கிற படகோட்டியும் பார்த்தாக வேண்டும். படகு வேரில் போய் இடித்தது. திரும்பும் வழியில் பலாச்சுளை விற்கிற அம்மாவிடமும் நீட்டினார். அவர் உற்றுப் பார்த்து, "இன்னா சார், நாவப்பழமா?" என்றார். மனிதர் கோபிக்கவில்லை. "நல்லா பாருங்கம்மா, அதுக்குள்ள தொப்பி போட்டு ஒரு ஆள் நிக்கறான் பாருங்க. நான்தான்!"

என் மகளுக்கு லோட்டன் தேன்சிட்டை அடையாளம் காட்டியவர் அவர்தான். அரிவாளாய் வளைந்த நீள அலகைப் பார், போதும் என்றார். லோட்டன் என்பவர் இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்தவர் என்றும் சொல்லிக்கொடுத்தார். அவள் மறக்கவே இல்லை. அதனால்தான் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் கூடு தொங்கியபோது அவருக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

விடியற்காலையில் வந்தார். நாரும் சிலந்தி நூலுமாகப் பின்னிய கூடு, உள்ளே இரண்டு குஞ்சு. "வெளிச்சம் பத்தல" என்று மேலே மறைத்திருந்த இலைகளைக் கிள்ளி எறிந்தார். நான் காபி எடுத்துவரப் போயிருந்தேன். தாய்ச்சிட்டு வெகுநேரம் மதில்மேலேயே கத்திக்கொண்டிருந்தது. அவர் 600 படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காக்கை வந்தது. கூடு கிழிந்து தொங்கியது.

அன்று மத்தியானம் போனில் படம் வந்தது. குஞ்சு வாயைப் பிளந்திருக்கிற படம். கீழே, "கண்ணு பாருங்க."

அடுத்த மாதம் வேடந்தாங்கல் போகிறோம். இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஆறு பேர் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேர்தான்.