மூன்று பிளக்கின் பாசம்

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, மீட்டர் 1,50,000 கிலோமீட்டரைத் தாண்டிய பின்னும் ஸ்பார்க் பிளக்கை மாற்றாத பெருமக்களுக்கு அரசு விருது தரலாம். மூன்றே சிலிண்டர், மூன்றே பிளக். அவற்றையும் பிரிய மனமில்லையென்றால் எப்பேர்ப்பட்ட பாசம்!

சாதா பிளக் 30,000, 40,000 கிலோமீட்டர்தான் தாங்கும் என்பார் மெக்கானிக். விஷமப் பிரசாரம். உப்புத்தாளில் நாலு தேய், வாயால் ஒரு ஊது, மறுபிறவி எடுத்துவிடும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் என்ன? தீப்பொறி இன்னும் கொஞ்சம் தாண்டிப் பழகட்டும். தாண்டாவிட்டால் எரியாத பெட்ரோல் வெளியேறி கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். பொசுக்கட்டுமே. பிளக்குக்குச் சில நூறு ரூபாய், கன்வெர்ட்டருக்குப் பல ஆயிரம். சில்லறைச் செலவு செய்தால் நாலு பேர் மதிப்பார்களா?

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர் வாய் வேகும். புது சீட் கவர், டேஷ்போர்டில் பிள்ளையார், பம்பரில் எலுமிச்சை மிளகாய், பின்னால் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹார்ன் என்று இன்ஜினுக்கு அத்தியாவசியமானவை எல்லாம் வாங்கியாயிற்று. மேம்பாலம் ஏறும்போது மட்டும் வண்டி விக்கும். ஏசியை அணைத்து, முருகா என்றால் ஏறிவிடும்.

திடீரென்று ஒருநாள் புது பிளக் மூன்றும் வந்து சேரும். வண்டி சீறும். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்துச் சொக்கிப்போய் அட்வான்ஸ் கொடுப்பார்.

சாவி கைமாறுவதற்கு முந்தின இரவு, பழைய மூன்றும் இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.