கோபால் திரும்ப வர்றானாம்

1998-இல் தினமும் காலையில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தடியில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து தில்லை நகருக்கு நடந்தே போவேன். "எங்கடா கிளம்பிட்டே?" என்பாள் அம்மா. "கோபால் க்ளாஸுக்கு" என்பேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் வெடித்தாள். "சொல்லிக் குடுக்கிறவரை மொட்டையா பேர் சொல்றியே, கோபால் சார்னா நாக்கு தேஞ்சுடுமா?"

காமன் பிசினஸ் ஓரியன்டட் லாங்குவேஜ் என்பதன் சுருக்கம் அது, ஆசாமி இல்லை, கம்ப்யூட்டர் பாஷை என்று விளக்கிப் பார்த்துத் தோற்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கோபால் சார்தான்.

22 வருஷம் கழித்து, 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்ஃபி பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து நின்றார். கொரோனாவில் வேலை போனவர்கள் லட்சக்கணக்கில் நிவாரணம் கேட்டு மனுப் போட, அரசின் கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்தப் பழைய பாஷை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உதவிக்கு வாருங்கள் என்றார். சொல்லும்போது 'கோபால்ட்' என்றார். ஆளுநருக்கே அது உலோகமாகப் படும்போது, என் அம்மாவுக்கு வாத்தியாராகப் பட்டதில் என்ன குற்றம்?

மறுநாளே உலகமெல்லாம் வதந்தி: கோபால் திரும்ப வருகிறான். நானும் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். "கோபால் சார் திரும்ப வர்றாராம்மா."

"எங்கே போயிருந்தார்?" என்றாள்.

அந்த வாரம் வேறு எந்த நிபுணரும் இத்தனை சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

முதலில் ஸ்தலபுராணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டருக்கும் தனித்தனி பாஷை. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. ஒரே வீதியில் எதிரும் புதிருமாகக் குடியிருந்துகொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத வடகலை, தென்கலைக் குடும்பங்கள் மாதிரி. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும் என்று 1959 மே 28, 29 தேதிகளில் பென்டகனில் கூடிப் பேசினார்கள். பேசிய பிறகு கமிட்டி போட்டார்கள். கமிட்டி என்றால் எப்படி இருக்கும் என்று கோயில் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கமிட்டியின் வேகத்தைப் பார்த்து வெறுத்துப்போன ஆர்.சி.ஏ. கம்பெனிக்காரர் ஹோவர்ட் ப்ரோம்பர்க், கல்லறைக் கல் செய்கிறவரிடம் போய் 'கோபால்' என்று பொறித்த கல் ஒன்றை வாங்கி, பென்டகனில் இருந்த சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். குழந்தை குப்புறப்படுவதற்குள் கருமாதி! அந்தக் கல் இன்றைக்கு கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபால் வங்கியில் இருக்கிறான்.

1960 டிசம்பரில் ஒரே ப்ரோக்ராமை ஆர்.சி.ஏ. கம்ப்யூட்டரிலும் யூனிவாக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்டினார்கள். சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தது போல அது பெரிய சமாசாரம். இதற்கெல்லாம் மூலகாரணமாக அமைந்தது கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக் என்ற பாஷை. இந்த அம்மாளைப் பற்றி ஒரு விஷயம். 1966-இல் கடற்படை இவருக்கு ஓய்வு கொடுத்தது. மறுவருஷமே கூப்பிட்டுக்கொண்டது. 1971-இல் மறுபடி ஓய்வு, 1972-இல் மறுபடி அழைப்பு. கடைசியில் 1986-இல் 79 வயதில்தான் விட்டார்கள். பாட்டியே இப்படி என்றால் பேரன் ஏன் ஓய்வு பெறப்போகிறான்?

கோபாலின் சுபாவம் தெரிய வேண்டுமானால் எங்கள் ஊர் சங்கல்பத்தைக் கேளுங்கள். ஒரு தர்ப்பணம் பண்ணுவதற்கு எந்தத் தீவு, எந்த வர்ஷம், எந்த அயனம், ருது, மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் என்று பிரபஞ்சத்தையே அளந்து முடித்த பிறகுதான் 'இதைச் செய்கிறேன்' என்ற வார்த்தை வரும். கோபாலும் அப்படித்தான். முதலில் ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்: நீ யார், உன் பேர் என்ன? இது அபிவாதயே. அடுத்தது என்விரான்மென்ட் டிவிஷன்: எந்த ஊர், எந்த மெஷின்? மூன்றாவது டேட்டா டிவிஷன்: எள், அரிசி, தர்ப்பை எல்லாம் எத்தனை எத்தனை, எந்தப் பாத்திரத்தில்? நான்காவதாக ப்ரொசீஜர் டிவிஷன் வரும்போதுதான் காரியம் தொடங்கும். அதற்குள் காக்கை பசியில் போய்விடும்.

மடி ஆசாரமும் உண்டு. 80 பத்தி உள்ள துளை அட்டைக்காகப் பிறந்தவன் இல்லையா. முதல் 6 பத்தி வரிசை எண்ணுக்கு. 7-இல் நட்சத்திரம் போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. 8-இல் தொடங்க வேண்டியதை 12-இல் தொடங்கினால் தீட்டு. 72-ஐத் தாண்டி எழுதினால் கண்ணெடுத்தே பார்க்கமாட்டான். மற்ற பாஷைகளில் கூட்டல் குறி ஒன்று போட்டால் போதும். இவனிடம் 'ஆட் ஏ டு பி கிவிங் சி' என்று விண்ணப்பம் எழுதி, கடைசியில் முற்றுப்புள்ளியும் வைக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கம் பக்கமாகத் திட்டு அச்சாகி வரும். தில்லை நகர் சென்டரில் 30 பேருக்கு 3 கம்ப்யூட்டர். என் முறை வந்து, நான் தட்டி, புள்ளி விட்டு, திட்டு வாங்குவதற்குள் என் நேரம் முடிந்துவிடும். ஃபீஸ் மட்டும் புள்ளி பிசகாமல் வாங்கினார்கள்.

1975-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு மேதை, கோபால் மூளையை ஊனமாக்குகிறது, அதைச் சொல்லிக்கொடுப்பதையே குற்றமாக அறிவிக்க வேண்டும் என்கிற அளவுக்கு எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் 1990-களின் தில்லை நகர் முழுக்க ஜெயிலாக இருந்திருக்க வேண்டும். கிராஸுக்கு இரண்டு சென்டர். எங்கள் ஊர் ரங்கராஜன், அதாவது சுஜாதா, கம்ப்யூட்டரைத் தமிழில் புட்டுப்புட்டு வைத்திருந்ததால் சென்டர்காரர்களுக்கு விளம்பரச் செலவு பாதி மிச்சம்.

மீதிப் பாதியை 2000-ஆம் வருஷம் பார்த்துக்கொண்டது. அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகிவிட்டார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் அது 1900-ஆ 2000-ஆ என்று கோபாலுக்குத் தெரியாது. உலகமே அலறியது. நம் பஞ்சாங்கக்காரர்கள் மட்டும் அசரவில்லை. பிரமாதி வருஷம் என்றால் எந்த பிரமாதி என்று அறுபது வருஷத்துக்கு ஒருமுறை குழம்புகிற ஏற்பாட்டை நாம் வைத்துக்கொண்டு எத்தனை நூற்றாண்டாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்! இருந்தாலும் டாலர் கொடுத்துத் திருத்தச் சொன்னதால் திருத்தினோம். வீதிக்கு நாலு பையன்கள் விமானம் ஏறினார்கள். 2000 ஜனவரி 1 பொழுது சாதாரணமாக விடிந்தது. விமானம் விழவில்லை, வங்கி கவிழவில்லை. ஒழுங்காகச் செய்த வேலைக்குக் கூலி என்ன தெரியுமோ? 'ஒன்றுமில்லாததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்ற பேச்சு. எங்கள் சென்டர் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகையை மாற்றி ஜாவா என்று எழுதிக்கொண்டது. நானும் ஜாவாவுக்கு மதம் மாறினேன்.

இப்போது 2020-க்கு வருகிறேன். கோயில் பக்தர்களுக்குச் சாத்தியிருந்தது, வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பெங்களூரிலிருந்து வந்து வீட்டில் அடைபட்டிருந்த பைத்தான் மருமான், "அது இன்னும் சாகலையா?" என்றான். நான் ஒருபுறம் சிரித்துக்கொண்டே மறுபுறம் பரணில் பழைய நோட்டைத் தேடினேன். சித்திரை வீதியில் வங்கிக் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் உண்டு. போனில் அவர் குரலுக்கு இருபது வயது குறைந்திருந்தது. "பாஸ்போர்ட் புதுப்பிக்கணுமா, இங்கிருந்தே பண்ணலாமா?" என்றார். சம்பளம் கிடையாது, தன்னார்வலர்களைத்தான் கேட்கிறார்கள் என்றேன். கொஞ்சம் மௌனம். "கைங்கரியம் பண்ண எனக்கு இங்கே பெருமாள் இருக்கார்" என்று வைத்துவிட்டார்.

பெருமாள் என்றதும் அவருடைய பழைய கதை ஞாபகம் வருகிறது. திரும்ப வருவதில் இருக்கிற சிக்கல் அவரை விட யாருக்குத் தெரியும்? 1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவர் அழகிய மணவாளனைப் பிள்ளை லோகாசாரியர் தூக்கிக்கொண்டு தெற்கே போனார், வழியிலேயே காலமானார். வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை என்ற உரைநூலின் ஓலையைக் காப்பாற்றப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார் என்று சொல்வார்கள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வராது. சர்வர் அறையில் ஏசி போட்டுக்கொண்டு பேக்கப் எடுக்கச் சோம்பல்படுகிறவன் நான்.

48 வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1371-இல் கோபணாரியன் என்ற விஜயநகர அதிகாரியோடு பெருமாள் திரும்பி வந்தார். (பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு கோபால்.) வந்தால், உள்ளே வேறொருவர் எழுந்தருளியிருக்கிறார்! இடைக்காலத்தில் புதிதாக ஒரு உற்சவரைப் பண்ணி வைத்துவிட்டார்கள். பழையவரைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. ஸ்தானிகர்கள் 'இவர்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆவணம் இல்லை, அறிந்தவர் இல்லை.

கடைசியில் ஊரில் கண் தெரியாத ஒரு கிழ வண்ணார் கிடைத்தார். அந்தக் காலத்தில் பெருமாளின் வஸ்திரம் துவைத்த ஈரங்கொல்லி. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணி அந்த ஈரவாடை தீர்த்தத்தைக் கொடுங்கள் என்றார். ஒன்றை ருசித்தார், மற்றதை ருசித்தார். கஸ்தூரி வாசனையில் ஆள் தெரிந்துவிட்டது. 'இவரே நம்பெருமாள்' என்றார். அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயர். ஆசாரியர்களும் அதிகாரிகளும் முழித்துக்கொண்டு நின்ற இடத்தில் சான்றிதழ் கொடுத்தது அழுக்கு அலசியவர். வங்கியின் பழைய ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிற ஒவ்வொரு ஐ.டி. கம்பெனியும் தேடிக்கொண்டிருப்பது இப்படி ஒரு ஈரங்கொல்லியைத்தான். அந்த அழுக்கு அவர் கையில்தான் போயிருக்கும்.

புதிதாக வந்தவரை என்ன செய்தார்கள்? வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பேர் சூட்டி, யாகங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பழையது, புதியது இரண்டும் சேர்ந்து ஓடுவதை எங்கள் தொழிலில் பேரலல் ரன் என்பார்கள். ஆறு மாதம் ஓட்டுவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஸ்ரீரங்கத்தில் அது 650 வருஷமாக ஓடுகிறது.

நியூ ஜெர்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐ.பி.எம். இலவச கோபால் பாடம் நடத்தியது, ஆயிரக்கணக்கான கிழவர்கள் கை தூக்கினார்கள். பிறகு வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் துருவி எழுதினார்: படுத்துக்கொண்டது பின்னால் இருந்த கோபால் இல்லை, ஜனங்கள் மனுப் போடுகிற முன்பக்கம். அது ஜாவாவில் எழுதியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பழமொழி. இங்கே உடைத்தவள் மருமகள், திட்டு மாமியாருக்கு. இதைச் சித்திரை வீதி மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஜாவா, உன் டிபார்ட்மென்ட் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

உலகத்தில் 22,000 கோடி கோபால் வரிகள் இன்னும் ஓடுவதாக 2017-இல் ராய்ட்டர்ஸ் கணக்குச் சொன்னது. 2023-இல் ஐ.எஸ்.ஓ. அதற்குப் புதிய தரநிலை ஒன்றையும் வெளியிட்டது. அதிலும் பாரா முடிந்தால் முற்றுப்புள்ளி கட்டாயம்.